“இதுவரை யாரும் சொன்னதில்லையே”: காரைக்குடி நகைக்கடன் கிளை ஒன்றின் மீது வந்த மூன்று புகார்கள்

காரைக்குடியில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் கிளை இருக்கிறது. பல மாநிலங்களில் கிளை விரித்திருக்கும் நிறுவனம், ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்றது. 2025இல் அந்தக் கிளை மீது மூன்று பெண்கள் தனித்தனியாகப் புகார் கொடுத்தார்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே புகார். முதல் இரண்டும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டன. மூன்றாமவர் நேரில் போய்க் கேட்டபோது மேலாளர் சொன்ன பதில்: “இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லையேம்மா.”

அந்தப் பதில் உண்மையா என்று சரிபார்க்க அவருக்கு எந்த வழியும் இல்லை. எனக்கு மட்டும் தெரிந்தது, காரணம் முந்தைய இரண்டு மனுக்களையும் எழுதிக் கொடுத்தவன் நான். காரைக்குடியில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் நுகர்வோர் குழுவில் மனு எழுதுவது என் பொறுப்பு. மூன்று பேரும் எங்களிடம் வந்து சேர்ந்தது தற்செயல். வேறு வேறு ஆட்களிடம் போயிருந்தால் இந்த மூன்று புகார்களும் ஒன்றையொன்று சந்தித்தே இருக்காது.

நிதி நிறுவனங்கள் மீது வரும் புகார்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு இந்த நிகழ்வே காரணம். நிறுவனத்தின் பெயரையும் அந்தப் பெண்களின் ஊர்ப் பெயர்களையும் இங்கே எழுதவில்லை. அதற்கான காரணமும் இந்த ஆய்வின் ஒரு பகுதிதான், பின்னால் வரும்.

முதல் புகார்

கணவருக்குக் கட்டட வேலை. மகளின் வளைகாப்புச் செலவுக்காக 2025 பொங்கலுக்கு முன்னால் இரண்டு பவுன் சங்கிலியையும் அரைப் பவுன் தோட்டையும் வைத்து ஒரு லட்சம் கடன் வாங்கினார். கூட்டுறவு வங்கியில் வைத்திருக்கலாமே என்று கேட்டேன். “அங்க அரை நாள் ஆகும்ண்ணே, இங்க அரை மணி நேரம்” என்றார். உண்மைதான். அவசரத்துக்கு வைப்பவர்களுக்கு நேரம்தான் முதல் கணக்கு.

வாசலில் இருந்த விளம்பரத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று போட்டிருந்தது. அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மாதம் ஆயிரம். நான்கு மாதம் கழித்து, கணவருக்கு வேலைப் பணம் வந்ததும், நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயோடு வட்டி கட்டப் போனார். கவுன்டரில் 8,236 கேட்டார்கள்.

கணக்கு இதுதான். முப்பது நாளுக்குள் வட்டி கட்டினால் 12 சதவீதம். அதைத் தாண்டி அறுபது நாளுக்குள் என்றால் 18. அறுபதையும் தாண்டினால் 24. அந்த 24உம் தாண்டிய நாளிலிருந்து கணக்காகாது, கடன் வாங்கிய முதல் நாளிலிருந்தே கணக்காகும். நான்கு மாதத்துக்கு நாலாயிரம் என்று அவர் மனதில் போட்ட கணக்கு எட்டாயிரம் ஆனது அப்படித்தான். மீதி 236, நோட்டீஸ் அனுப்பிய செலவு 200 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும். நோட்டீஸ் எதுவும் தன் கைக்கு வரவில்லை என்கிறார்.

அடகுச் சீட்டையும் அதனோடு பின் அடித்திருந்த தாள்களையும் விரித்துப் பார்த்தேன். கடன் தொகை 1,00,000. கைக்கு வந்தது 99,110. நகை மதிப்பீட்டுக் கட்டணம் 300. இன்னொரு 590 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு. காப்பீடு எடுத்த விஷயமே அவருக்குத் தெரியாது. ஆனால் ‘வாடிக்கையாளர் தாமாக விரும்பிப் பெற்றது’ என்ற கட்டத்தில் டிக் அச்சிலேயே இருந்தது, பேனாவால் போட்டது இல்லை. கே.எஃப்.எஸ். என்று அவர்கள் சொல்லும் முக்கிய விவரத் தாள் முழுக்க ஆங்கிலத்தில். முதல் பக்கத்தில் பெரிதாக 12 சதவீதம். வட்டி படிப்படியாக ஏறும் அட்டவணை இரண்டாம் பக்கத்தின் அடியில், என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் சிரமப்பட்டுப் படிக்கிற எழுத்தில்.

விதி என்ன சொல்கிறது? ரிசர்வ் வங்கியின் 2024 ஏப்ரல் 15 சுற்றறிக்கைப்படி, 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு இந்த விவரத் தாள் கட்டாயம். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், உள்ளடக்கத்தை அவருக்கு விளக்கியும் சொல்ல வேண்டும். காப்பீடு போன்ற மூன்றாம் தரப்புச் செலவுகளையும் சேர்த்தே ஆண்டுச் செலவு விகிதத்தைக் காட்ட வேண்டும். தாளில் இல்லாத கட்டணத்தை, வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் வந்த இன்னொரு சுற்றறிக்கை, தவணை தவறியதற்கான அபராதத்தை வட்டி விகிதத்தில் ஏற்றி வாங்கக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் வாங்கலாம் என்கிறது.

இதற்கு நிறுவனம் வைத்திருக்கும் விடை: 24 சதவீதம்தான் ஒப்பந்த வட்டி, சீக்கிரம் கட்டுபவருக்கு 12ஆகக் குறைத்துக் கொடுக்கிறோம், இது அபராதம் இல்லை, தள்ளுபடி. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஒப்பந்த வட்டி 24 என்றால் விவரத் தாளின் முதல் பக்கத்தில் 24 அல்லவா இருக்க வேண்டும்? கடன் கொடுக்கும்போது 12ஐக் காட்டுவதும், வசூலிக்கும்போது 24ஐக் காட்டுவதும் ஒரே ஒப்பந்தத்தில் நடக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்த அம்மா அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கி வட்டியைக் கட்டிவிட்டு எங்களிடம் வந்தார். முதலில் நிறுவனத்துக்கே எழுத வேண்டும். 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோதான் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம், அதாவது வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ‘தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்ற குறுஞ்செய்தியைத் தவிர ஒன்றும் வரவில்லை. அப்புறம் 2021ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த ஓம்புட்ஸ்மேன் திட்டத்தின் கீழ் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்தோம்.

மூடிய விதம்

அதன்பின் நடந்ததெல்லாம் வேகம். மண்டல அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் பேசினார், மிகவும் மரியாதையாக. கூடுதலாக வாங்கிய 4,000, நோட்டீஸ் செலவு 236, காப்பீடு 590, மொத்தம் 4,826 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. ‘நல்லெண்ண அடிப்படையில் தொகை வழங்கப்பட்டது, என் புகார் முழுத் திருப்தியுடன் தீர்ந்தது’ என்று கடிதம் தர வேண்டும்.

அவர் கையெழுத்துப் போட்டார். போட்டதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆடிப்பெருக்குக்கு முன் நகையைத் திருப்பிவிட வேண்டும் என்பது அவர் தேவை. சட்டத்தின் முன்னும் அது செல்லும்: சமரசத்தில் முடிந்தால் ஓம்புட்ஸ்மேன் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கடிதம் செய்த வேலையைப் பாருங்கள். வசூலித்த முறை சரியா தவறா என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் அதே கவுன்டரில் அதே தாளை நீட்டிக் கையெழுத்து வாங்க எந்தத் தடையும் இல்லை. புகார் கொடுத்த ஒருவருக்கு 4,826 திரும்பிப் போனது, கொடுக்காத மற்றவர்களிடம் வாங்கியது அங்கேயே தங்கியது. புகார்களை ஒவ்வொன்றாகத் தீர்ப்பது நிறுவனத்துக்கு மலிவாக முடிகிற வரைக்கும் முறையை மாற்ற அதற்கு என்ன அவசியம்?

இரண்டாவது புகார் அடுத்த மாதமே வந்தது. ஆலை வேலைக்குப் போகிறவர், கடன் தொகை இதைவிடக் குறைவு. அதே ஏறுவட்டி, அதே 590, அதே அச்சிட்ட டிக். இந்த முறை ஓம்புட்ஸ்மேன் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. நாங்கள் எழுதிய முதல் கடிதத்துக்கே பணம் திரும்பி வந்துவிட்டது. ‘உங்கள் கணக்கில் மட்டும் சிஸ்டத்தில் ஏற்பட்ட பிழை’ என்று எழுத்தில் கொடுத்தார்கள். சந்தோஷமாகப் போனார். எனக்குத்தான் அந்த ‘உங்கள் கணக்கில் மட்டும்’ உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாமவர் ஓர் ஆச்சி. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு, வாழ்வது பின்கட்டில் தனியாக. மருத்துவச் செலவுக்காக வைத்த நகை. வட்டிக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. “நடப்பு வட்டி, தவணை வட்டின்னு காதுல கேட்டே வளந்தவ தம்பி நான். எனக்கே இப்பிடிக் கணக்குப் போட்டா, மத்தவுகளுக்கு எப்பிடிப் போடுவாக?” என்றார். மேலாளரிடம் நேரில் கேட்டுவிட்டு, அந்தப் ‘யாரும் சொன்னதில்லையே’ பதிலோடு எங்களிடம் வந்தவர் இவர்தான். முந்தைய இரண்டு புகார்களைப் பற்றிச் சொன்னேன், பெயர் சொல்லாமல். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப எனக்குப் பணம் வேணாம், பதில் வேணும்” என்றார்.

அவர்கள் கையில் இருக்கும் பேரேடு

1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் கிளை திறந்தார். கொடுக்கல் வாங்கலின் நுணுக்கத்தை உலகுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தெரிந்துவைத்திருந்த மண் இது. ரங்கூனில் நகரத்தார் கோயிலில் கூடித் தங்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு நடப்பு வட்டியை நிர்ணயித்ததை 1929-30இல் பணியாற்றிய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு பதிவு செய்திருக்கிறது. வட்டி என்ன என்பது அத்தனை பேர் முன்னிலையில், சாமி சன்னிதியில் முடிவானது. எந்தக் கடையில் ஐந்தொகைக் கணக்கு சரியில்லை, யார் நாணயம் தவறினார் என்பதும் அந்த வட்டத்துக்குள் பரவிவிடும்.

நான் மதிக்கிற ஏற்பாடு அது. அதிலும் ஒரு குறை இருந்தது. அந்தத் தகவல் கடன் கொடுப்பவர்களின் வட்டத்துக்குள் மட்டுமே சுற்றியது. நெல்வயலை ஈடு வைத்துக் கடன் வாங்கிய பர்மியக் குடியானவருக்கு அந்தக் கூட்டத்தில் இடம் இல்லை.

நூறாண்டு ஆகப் போகிறது, அதே ஒருபக்கத் தகவல்தான் இன்றும். கடன் வாங்கியவர் எங்கே, எவ்வளவு வாங்கினார், எத்தனை நாள் தாமதமாகக் கட்டினார் என்பதெல்லாம் கடன் தகவல் நிறுவனங்களிடம் இருக்கிறது. நம் ஊரில் எல்லோரும் ‘சிபில்’ என்று சொல்லும் நிறுவனம் 2000இல் தொடங்கியது. இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005இல் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் கடன் கொடுப்பவர்கள் மாதம் இரு முறையாவது இந்த விவரங்களைப் புதுப்பித்து அனுப்ப வேண்டும். முதலில் வந்த அந்த அம்மா இனி எந்த நிறுவனத்தின் வாசலை மிதித்தாலும், அவர் உட்காரும் முன்பே அவர் தாமதித்த கதை திரையில் வந்துவிடும்.

நிறுவனம் அவரிடம் இரட்டிப்பு வட்டி வாங்கித் திருப்பிக் கொடுத்த கதை மட்டும் எந்தத் திரையிலும் வராது. இந்த மூன்று புகார்களிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். நம்மைப் பற்றி அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பேரேடு வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நமக்கும் ஒன்று வேண்டும்.

அமெரிக்காவில் செய்தது

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு 2010இல் இயற்றிய டாட்-ஃபிராங்க் சட்டத்தின்படி உருவாகி, 2011 ஜூலையில் செயல்படத் தொடங்கியது. 2012 ஜூனில் புகார்த் தரவுத்தளத்தை இணையத்தில் திறந்தது. ஆரம்பத்தில் கிரெடிட் கார்டு புகார்கள் மட்டும். அடுத்த ஆண்டு வீட்டுக்கடன், கல்விக்கடன், வங்கிக் கணக்குப் புகார்களும் சேர்ந்தன.

ஒவ்வொரு புகாரும் ஒரு வரி. எந்த நிறுவனம், எந்த வகைக் கடன், என்ன பிரச்சினை, எந்த மாநிலம், நிறுவனம் உரிய நேரத்தில் பதில் கொடுத்ததா, முடிவு என்ன. அந்த முடிவு எழுதும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ‘பணம் கொடுத்து முடித்தது’, ‘விளக்கம் கொடுத்து முடித்தது’ என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். நம் கதையில் 4,826 ரூபாயோடு மூடிய புகார் அங்கே ‘பணம் கொடுத்து முடித்தது’ என்ற வரியாக நிலைத்திருக்கும். இரண்டாவது புகாரும் அப்படியே. மூன்றாவது ஆளிடம் ‘யாரும் சொன்னதில்லையே’ என்று சொல்ல முடியாது.

2015 ஜூனில் இன்னொரு படி போனார்கள். புகார்தாரர் சம்மதித்தால், அவரே எழுதிய விவரிப்பையும், அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, வெளியிடத் தொடங்கினார்கள். நிறுவனத்தின் பதிலும் பக்கத்திலேயே வரலாம். யாரோ ஒருவர் போகிறபோக்கில் எழுதிப்போட முடியாது: அவர் தங்கள் வாடிக்கையாளர்தான் என்று நிறுவனம் உறுதி செய்து பதில் கொடுத்த பிறகோ, 15 நாள் கெடு முடிந்த பிறகோதான் புகார் வெளியாகும்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சரிபார்க்காத குற்றச்சாட்டுகளை அரசே பரப்புகிறது என்று வங்கிகள் சொல்லிக்கொண்டே இருந்தன. 2018இல் அந்த அமைப்பின் தற்காலிகத் தலைவராக இருந்த மிக் மல்வேனி, இதைப் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லி, மூடிவிடும் யோசனையை வெளிப்படையாகவே பேசினார். 2019 செப்டம்பரில் அடுத்த தலைவர் கேத்தி கிரானிங்கர், வெளியீடு தொடரும் என்று அறிவித்தார். தரவை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கைக் குறிப்புகள் முன்னைவிடத் தெளிவாகச் சேர்ந்தன.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அண்மை ஆண்டுகளில் அங்கே குவியும் புகார்களில் பெரும்பகுதி கடன் தகவல் நிறுவனங்கள் மீதுதான், அவற்றிலும் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பியவை நிறைய. வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிய நிறுவனம் எப்போதும் மோசமானதாகத் தெரியும். ஆயிரம் கடனுக்கு எத்தனை புகார் என்று வகுத்துக் காட்டாத தரவு பாதி உண்மையைத்தான் சொல்லும்.

பிரிட்டனில் வேறு வழி. அங்கே நிதி ஓம்புட்ஸ்மேன் 2013 ஏப்ரலிலிருந்து எழுதும் இறுதி முடிவுகளை வெளியிடுகிறது. நிறுவனத்தின் பெயர் இருக்கும், புகார்தாரர் பெயர் இருக்காது.

நம் நாட்டில் இருப்பது

ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. பங்குத் தரகர்களும் மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களும் தங்களுக்கு வந்த புகார்களின் எண்ணிக்கையை மாதாமாதம் இணையதளத்தில் போட வேண்டும் என்பது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. காப்பீட்டு நிறுவனங்கள் காலாண்டுதோறும் வெளியிடும் கணக்குகளில் புகார் விவரமும் வரும். வங்கிகள் எத்தனை புகார் வந்தது, எந்த ஐந்து காரணங்களுக்காக அதிகம் வந்தது என்று ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என 2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கும் 2022இல் அதேபோன்ற விதி வந்தது.

ஆக, நம் நகைக்கடன் நிறுவனமும் புகார் எண்ணிக்கையை வெளியிட்டிருக்கிறது. தேடிப் பார்த்தேன். ஆண்டறிக்கையின் கடைசிப் பகுதியில், கணக்குக் குறிப்புகளுக்கு நடுவே, ஆங்கிலத்தில், நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரே எண். அதைவைத்து இங்கே நகையோடு படியேறும் ஒருவர் என்ன முடிவு செய்ய முடியும்? பங்கு வாங்குபவருக்குப் பயன்படும் தகவல் அது. நகை வைப்பவரை நினைத்து யாரும் அந்தக் கட்டத்தை வரையவில்லை.

புகார்களை நீங்களே முகநூலிலோ வாட்ஸாப்பிலோ போட்டுவிடலாமே என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். போட்டால் அவதூறு வழக்கு நோட்டீஸ் வரலாம். குற்றவியல் அவதூறு இன்றும் சட்டத்தில் இருக்கிறது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு. அதே பிரிவு, உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு விலக்குத் தருகிறது. கட்டட வேலைக்காரரின் மனைவி வழக்குச் செலவுக்கு எங்கே போவார்? அதனால்தான் வெளியிடும் வேலையைப் புகாரை வாங்கும் அமைப்பே செய்ய வேண்டும் என்கிறேன். இந்தக் கட்டுரையில் நிறுவனத்தின் பெயர் இல்லாததற்கும் இதுதான் காரணம்.

வங்கிகளின் தகவலை வெளியே சொன்னால் நம்பிக்கை குலையும் என்ற வாதம் ஒரு முறை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2015 டிசம்பரில், ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில், ரிசர்வ் வங்கிக்கு வங்கிகளின் ரகசியத்தைக் காக்கும் நம்பிக்கைப் பொறுப்பு எதுவும் இல்லை, மக்களின் நலனைக் காப்பதே அதன் கடமை என்று சொல்லி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டவற்றைக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். ரிசர்வ் வங்கி வங்கிகளைச் சோதித்து எழுதும் ஆய்வறிக்கையையே கேட்கலாம் என்றால், புகார்களின் சுருக்கத்தைத் தாமாக வெளியிடுவதில் என்ன தடை இருக்க முடியும்?

சின்ன ஊர்களின் சிக்கல்

இந்த யோசனையில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது நிறுவனங்களின் எதிர்ப்பு இல்லை. ஆச்சி சொன்ன வார்த்தை. “எல்லாஞ் செய்யி தம்பி, எம் பேரு மட்டும் எங்கயும் வரக் கூடாது.”

அவருடைய பயம் நியாயமானது. அவ்வளவு பெரிய வீட்டில் இருந்துகொண்டு நகையை அடகு வைத்தார் என்று ஊர் பேசும். வைத்தது குற்றமில்லை என்று நாம் ஆயிரம் சொல்லலாம், பேச்சைத் தாங்க வேண்டியவர் அவர். பெயரை எடுத்துவிட்டால் போதுமா? நியூயார்க்கில் போதும். நம் பக்கம் ஊருக்கு நூறு புள்ளி, இருநூறு புள்ளி, அதாவது அத்தனை குடும்பம்தான். ‘இன்ன ஊர், வயது எழுபதுக்கு மேல், மருத்துவச் செலவு, நாலு பவுன் காசுமாலை’ என்று போட்டால் பெயர் எதற்கு? அடுத்த கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். (இங்கே எழுதிய நகை விவரம் அவருடையது அல்ல.)

இதை அமெரிக்கர்களும் யோசித்திருக்கிறார்கள். ஆள் குறைந்த பகுதிகளுக்கு முழு அஞ்சல் குறியீட்டைக் காட்டுவதில்லை. நமக்கு அதைவிடக் கவனம் தேவை. எந்த அளவு விவரம் உதவும், எந்த அளவு காட்டிக்கொடுக்கும் என்று நாங்கள் குழுவில் உட்கார்ந்து பேசினோம். வாக்குவாதம் நீண்டது. கிளைவாரியாக வெளியிட்டால்தான் இங்கே உள்ளவருக்குப் பயன் என்றார் ஒருவர். கிளையைச் சொன்னாலே சிறிய ஊர்களில் ஆளைச் சொன்ன மாதிரிதான் என்றார் இன்னொருவர். கடைசியில் நான் ஏற்றுக்கொண்டது இதை: புகார்தாரரின் ஊர், வயது, தொழில், நகை விவரம் எதுவும் வேண்டாம். நிறுவனம், கடன் வகை, பிரச்சினையின் வகை, முடிந்த விதம், மாவட்டம் ஆகியவை எப்போதும் வரட்டும். ஒரே தாலுகாவில் ஒரே நிறுவனத்தின் மீது ஒரே வகைப் புகார் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் மட்டும் தாலுகா பெயரும் வரட்டும். தனி ஒருவர் கூட்டத்துக்குள் மறைந்துவிடுவார், நிறுவனம் மறைய முடியாது.

சொந்த வார்த்தையில் எழுதும் விவரிப்பு வேண்டுமா? என் எண்ணம், சம்மதித்தவர்களுடையது மட்டும், அதுவும் மாவட்டத்தைக்கூடக் காட்டாமல். அந்த 590 ரூபாய் டிக் அச்சிலேயே இருந்தது என்ற ஒரு வாக்கியம் எந்தப் புள்ளிவிவரத்திலும் அடங்காது. அதைப் படித்தவர் அடுத்த முறை தாளைத் திருப்பிப் பார்ப்பார்.

பொய்ப் புகார் பற்றிய அச்சத்துக்கு விடை எளிது. கணக்கு எண் இல்லாமல் ஓம்புட்ஸ்மேனிடம் புகார் நகராது. அவர் வாடிக்கையாளரா இல்லையா என்று நிறுவனம் சொல்லட்டும். தன் பதிலையும் பக்கத்தில் போடட்டும். ‘இது தள்ளுபடித் திட்டம்’ என்பதுதான் பதில் என்றால் அதையும் எல்லோரும் படிக்கட்டுமே.

இப்போதைய நிலை

ஆச்சியின் புகார் ஓம்புட்ஸ்மேனிடம் இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று நிறுவனம் முன்வந்தது, அவர் திருப்திக் கடிதம் தர மறுத்துவிட்டார். 12 என்று காட்டிய கடனுக்கு 24 எப்படி வந்தது, காப்பீட்டுக்கு எப்போது சம்மதம் வாங்கினீர்கள் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இந்த வயதில் அவர் காட்டும் உறுதி எங்கள் குழுவுக்கே பலம்.

சிவகங்கை மாவட்டத்திலிருந்து நகைக்கடன் நிறுவனங்கள் மீது வந்த ஓம்புட்ஸ்மேன் புகார்கள் எத்தனை, அவற்றில் எத்தனை சமரசத்தில் முடிந்தன என்று நிறுவனவாரியாகக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கிக்கு மனு அனுப்பியிருக்கிறோம். அதோடு ஒரு நோட்டும் தொடங்கியிருக்கிறோம். எங்களிடம் வரும் ஒவ்வொரு புகாரும், ஆள் அடையாளம் இல்லாமல், நிறுவனம், பிரச்சினை, முடிவு என்று மூன்று பத்தியில் அதில் ஏறுகிறது. மனு எழுத வருபவருக்கு அதே நிறுவனத்தின் மீது முன்பு எழுதிய மனுக்கள் எத்தனை என்று சொல்கிறோம். மனுவிலும் அந்த எண்ணைச் சேர்க்கிறோம், ‘உங்கள் கணக்கில் மட்டும்’ என்று மறுபடி எழுதிவிடக் கூடாது என்பதற்காக.

கிளையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. மூன்று புகார்களையும் சேர்த்து மண்டல அலுவலகத்துக்கு நாங்கள் எழுதிய கடிதத்துக்குப் பிறகு, கவுன்டருக்கு மேலே வட்டி அட்டவணையைத் தமிழில் ஒட்டியிருக்கிறார்கள்: முப்பது நாள், அறுபது நாள், அதற்கு மேல், மூன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று, தூரத்திலிருந்தே படிக்கிற அளவில். காப்பீட்டுக் கட்டத்தில் டிக் இப்போது காலியாக இருக்கிறது. அதே நிறுவனத்தின் தேவகோட்டைக் கிளையில் போய்ப் பார்த்தோம். அங்கே அட்டவணை இல்லை, தாளில் டிக் அச்சிலேயே இருக்கிறது. அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான்.